நாடாளுமன்றம் திரும்பியது, அவசரகாலம் போகவில்லை

பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் கடைகளையும் சேலைக் கடைகளையும் தாண்டி நடப்பவர்களுக்குத் துன் சம்பந்தன் சாலை வெறும் முகவரி. அதைப் 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்று சொல்லிப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாலைக்குப் பெயர் தந்த வீ.தி. சம்பந்தனை ம.இ.கா. தலைவராக, தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பத்து வெள்ளிப் பங்கு திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவராக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் இன்னொரு நாற்காலியிலும் அமர்ந்திருந்தார். 1969 மே மாதம் நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டபோது நாட்டை ஆண்ட மன்றத்தில், ராணுவத் தளபதியும் காவல்துறைத் தலைவரும் இருந்த அதே மேசையில், இந்தியர் சார்பில் இருந்தவர் அவர்தான்.

ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் 'மே 13' என்று முணுமுணுப்பார். 2022 பொதுத்தேர்தல் முடிந்து யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நாட்களில் டிக்டாக்கில் அந்தத் தேதியை வைத்து மிரட்டல் காணொளிகள் சுற்றின. கலவரத்தைப் பற்றி எல்லாரும் கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கிறோம். கலவரத்துக்குப் பிறகு 21 மாதம் நாட்டை யார் ஆண்டார்கள், எந்த அதிகாரத்தில் ஆண்டார்கள், அந்த அதிகாரம் எப்போது முடிவுக்கு வந்தது என்பதைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தேர்தலில் என்ன நடந்தது?

1969 மே 10 அன்று மேற்கு மலேசியாவில் பொதுத்தேர்தல். அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணிக் கட்சி 1964 தேர்தலில் 104 இடங்களில் 89-ஐ அள்ளியிருந்தது. இந்த முறை 66 தான். வாக்குகளில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சிகளில் ஜ.செ.க. 13, பாஸ் 12, கெராக்கான் 8, ஈப்போ சீனிவாசகம் சகோதரர்கள் வளர்த்த மக்கள் முற்போக்குக் கட்சி 4. பினாங்கு மாநிலம் கெராக்கான் கைக்குப் போனது. சிலாங்கூர் சட்டமன்றத்தில் மொத்தம் 28 இடம்: கூட்டணிக்கு 14, எதிர்க்கட்சிகளுக்கு 14. கோலாலம்பூர் அப்போது சிலாங்கூரின் தலைநகரும்கூட என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

மே 11, 12 தேதிகளில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் தலைநகரில் வெற்றி ஊர்வலம் போனார்கள். சில இடங்களில் ஏச்சும் பேச்சும் எல்லை மீறின. மே 13 அன்று, கூட்டணி இவ்வளவு இடங்களை இழந்த பிறகு அமைச்சரவையில் இருக்கமாட்டோம் என்று ம.சீ.ச. அறிவித்தது. அன்று மாலை கம்போங் பாருவில் சிலாங்கூர் மந்திரி புசார் ஹருண் இட்ரிஸ் வீட்டு முன்னால் பதில் ஊர்வலத்துக்காகக் கூட்டம் கூடியது. ஊர்வலம் கிளம்புமுன்பே வெட்டுக்குத்து தொடங்கிவிட்டது. இரவுக்குள் நகரில் ஊரடங்கு. சாலைகளில் ராணுவம்.

ஜூலை இறுதிவரை இறந்தவர்கள் 196 பேர் என்பது அரசின் கணக்கு. அதில் சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13. மீதி 15 பேர் பிற பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். அன்று இங்கே இருந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இதைவிடப் பல மடங்கு அதிகமாக எழுதினார்கள். பலர் சுங்கை பூலோவில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஜூன் 28 அன்று செந்தூலில் மறுபடி கலவரம் வெடித்தபோது, அது மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்தது. ரயில்வே பட்டறை ஊரான செந்தூலும் ரயில்வே குடியிருப்பு ஊரான பிரிக்பீல்ட்ஸும் உறவுக்கார ஊர்கள். அங்கே அடி விழுந்தால் இங்கே கதவு சாத்தப்படும்.

அப்படியானால் வந்தது ராணுவ ஆட்சியா?

இல்லை. எந்தத் தளபதியும் வானொலி நிலையத்தைப் பிடித்து அறிவிப்பு வாசிக்கவில்லை. ஆனால் வழக்கமான மக்களாட்சியும் அது அல்ல. இரண்டுக்கும் நடுவே இருந்தது, ராணுவமும் காவல்துறையும் தோள் கொடுத்த ஒரு குடிமக்கள் ஆட்சி.

அரசமைப்புச் சட்டத்தின் 150ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மாமன்னர் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்யலாம் என்கிறது. மே 15 தேதியிட்டு அந்தப் பிரகடனம் வந்தது. நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் மாமன்னர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சபா, சரவாக் தேர்தல்கள் நடுவழியில் நிறுத்தப்பட்டன. நாடாளுமன்றம் கூட்டப்படவில்லை.

ஆட்சிப் பொறுப்பு 'மாகேரான்' எனப்படும் தேசிய நடவடிக்கை மன்றத்துக்குப் போனது. இயக்குநர், துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக். ஓய்விலிருந்து திரும்பி உள்துறையை ஏற்ற துன் டாக்டர் இஸ்மாயில், ம.சீ.ச.வின் துன் டான் சியூ சின், துன் சம்பந்தன், சில மூத்த அரசு அதிகாரிகள், ஆயுதப்படைத் தளபதி துங்கு ஒஸ்மான் ஜீவா, காவல்துறைத் தலைவர் முகமட் சாலே என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் உறுப்பினர்கள். துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராகவே இருந்தார், அமைச்சரவையும் இருந்தது. ஆனால் கடிவாளம் ரசாக் கையில். மாநிலத்துக்கு ஒரு நடவடிக்கை மன்றம், மாவட்டத்துக்கு ஒன்று என்று கீழே வரை இதே அமைப்பு இறங்கியது. அங்கும் அரசியல்வாதி, அதிகாரி, போலீஸ், ராணுவம் நால்வரும் ஒரே மேசை.

இந்த வடிவம் புதியதல்ல. 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்டுகளை எதிர்த்து பிரிட்டிஷார் தொடங்கிய அவசரகாலத்திலும் ஒரு 'நடவடிக்கை இயக்குநர்' இருந்தார். மாநில, மாவட்டக் குழுக்களும் இருந்தன. காட்டுப் போருக்குத் தைத்த சட்டையைச் சுதந்திர நாடு நகரக் கலவரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டது.

ராணுவம் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. வீதியில் இறக்கப்பட்ட படைகளில் முழுக்க மலாய் வீரர்களைக் கொண்ட படைப்பிரிவும் இருந்தது. அது பாரபட்சம் காட்டியதாக வெளிநாட்டு இதழ்கள் எழுதின. கலவரம் தற்செயலானதல்ல என்று லண்டன் ஆவணக் காப்பகக் கோப்புகளை வைத்து குவா கியா சூங் 2007இல் எழுதிய புத்தகம் வந்தபோது அதே விவாதம் மறுபடி கிளம்பியது. 1969 அக்டோபரில் மாகேரான் வெளியிட்ட அறிக்கை எதிர்க்கட்சிகள், கம்யூனிஸ்டுகள், ரகசியக் கும்பல்கள் மேல் பழியைப் போட்டது. பொதுமக்கள் முன்னிலையில் சாட்சி கேட்கும் விசாரணை ஆணையம் மட்டும் அமைக்கப்படவில்லை.

அந்த 21 மாதத்தில் என்ன செய்தார்கள்?

மன்றம் வேகமாக வேலை செய்தது. ஒரு பக்கம் காயத்துக்கு மருந்து. ஊர் ஊராக 'முஹிபா' எனும் நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. தேசிய ஒற்றுமைத் துறை வந்தது. 1970 தொடக்கத்தில் பல இனத்தவரும் பல துறையினரும் உட்கார்ந்து பேச தேசிய ஆலோசனை மன்றம் கூட்டப்பட்டது. ஜ.செ.க. அதில் சேரவில்லை, அதன் தலைவர்களில் ஒருவரான லிம் கிட் சியாங், கலவரம் நடந்த சில நாட்களிலேயே 'இசா' எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டுத் தடுப்புக்காவலில் இருந்தார். 1970 ஆகஸ்ட் 31 அன்று பள்ளிப் பிள்ளைகள் இன்றும் சபையில் ஒப்பிக்கும் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது.

மறுபக்கம் வாய்க்குப் பூட்டு. 1970இல் தேச நிந்தனைச் சட்டம் அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தப்பட்டது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புநிலை, ஆட்சியாளர்களின் அதிகாரம் ஆகிய நான்கையும் கேள்விக்கு உட்படுத்துவது குற்றமானது. 1969இல் பிறப்பித்த இன்னொரு அவசரச் சட்டம், பொது ஒழுங்கைக் காரணம் காட்டி ஒருவரை விசாரணையின்றி இரண்டு ஆண்டு அடைத்து வைக்க உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. இந்தச் சட்டத்தை நினைவில் வையுங்கள். கதையின் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது பக்கம் பொருளாதாரமும் கல்வியும். மேற்கு மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு 1970இல் ஏழ்மையில் இருந்தன. கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்ராக்களுக்கு இருந்தது 2.4 விழுக்காடுதான். 60 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டவர் கையில். இனக் கோபத்தின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது என்று மன்றம் முடிவுசெய்தது. இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது, இனத்தோடு தொழில் ஒட்டிக்கிடக்கும் நிலையை மாற்றுவது ஆகிய இரு கால்களில் புதிய பொருளாதாரக் கொள்கை எழுந்தது. இருபது ஆண்டில் பூமிபுத்ரா பங்கை 30 விழுக்காடாக்குவது அதன் இலக்கு.

ஆங்கிலப் பள்ளிகள் 1970 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. ஆங்கிலம் படித்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணி வேலைக்குப் போன யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸுக்கு இது சின்ன மாற்றமல்ல. அப்பா ஏறிய ஏணி பிள்ளை காலத்தில் வேறு மொழியில் பேச ஆரம்பித்தது.

தோட்டத்துத் தமிழருக்கு என்ன ஆனது?

இந்தியரின் நிலை இந்தக் கதையில் ஓரமாக எழுதப்படுவது வழக்கம். அன்று மேற்கு மலேசியாவில் பத்தில் ஒருவர் இந்தியர். அவர்களில் கணிசமானோர் தோட்டத்தில்.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும் என்ற சட்டம் கலவரத்துக்கு முன்பே, 1968இல் வந்துவிட்டது. அது கழுத்தைப் பிடித்தது 1969, 70 ஆண்டுகளில். இங்கேயே பிறந்தும் குடியுரிமைத் தாள் எடுக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சுமார் 60,000 பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பெரிய தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. சம்பந்தனின் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் பிறந்ததே அதற்குப் பதிலாகத்தான்.

புதிய பொருளாதாரக் கொள்கையின் முதல் கால் 'இன வேறுபாடு பாராமல்' என்று தொடங்குகிறது. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டுக்கு ஒதுக்கிய சாலையும் தண்ணீரும் மின்சாரமும் பெரும்பாலும் தோட்ட வாசலோடு நின்றன. கம்பெனிப் பங்கில் இந்தியரிடம் 1970இல் இருந்தது 1.1 விழுக்காடு. அதை உயர்த்தத் தனி இலக்கு எதுவும் வைக்கப்படவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வெறுங்கையோடு நகரத்துக்கு வந்தன.

மேசையில் ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலியால் எவ்வளவு பேச முடிந்தது என்பதை இந்த விளைவுகளிலிருந்து நீங்களே கணக்குப் பார்க்கலாம். சம்பந்தன் 1973இல் கட்சித் தலைமையை விட்டார், 1979இல் காலமானார்.

மக்களாட்சி எப்படித் திரும்பியது?

இதில் மலேசியாவுக்கு ஒரு நல்ல மதிப்பெண் போட வேண்டும். சபா, சரவாக்கில் நிறுத்திய தேர்தல் 1970 நடுவில் நடந்து முடிந்தது. அந்த இடங்களும் சேர்ந்ததும், 144 பேர் கொண்ட அவையில் மூன்றில் இரண்டு பங்கு பலம் அரசுத் தரப்புக்குக் கிட்டியது. 1970 செப்டம்பரில் துங்கு விலக, ரசாக் பிரதமரானார். 1971 பிப்ரவரி 20 அன்று நாடாளுமன்றம் மீண்டும் கூடியது.

பர்மாவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாகித் தமிழர் உட்பட லட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையோடு வெளியேறினார்கள். ராணுவம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நகரவில்லை. 2011இல் முன்னாள் தளபதி தெய்ன் செய்ன் தலைமையில் சீர்திருத்த அரசு என்று ஒன்று வந்தது. ஆனால் 2008 அரசமைப்புச் சட்டப்படி நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கே. அந்த அரசு பதவியேற்ற சில மாதங்களில் காச்சின் மாநிலத்தில் போர் மறுபடி மூண்டது. அடுத்த ஆண்டு ராக்கைனில் இனக் கலவரம். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் எல்லாவற்றையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சந்தைகளிலும் உணவுக்கடைகளிலும் உழைக்கும் ரொஹிங்யாக்களும் சின் இனத்தவரும் அந்தக் கதையின் மிச்சம்.

நம் தளபதிகள் 21 மாதத்தில் முகாமுக்குத் திரும்பினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே?

நாடாளுமன்றம் கூடியதும் முதலில் செய்த வேலை, மன்றம் போட்ட பூட்டை அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே பதித்ததுதான். 1971 திருத்தத்தின்படி அந்த நான்கு விஷயங்களையும் கேள்வி கேட்பதைத் தடுக்கச் சட்டம் போடலாம். அந்தத் தடை நாடாளுமன்ற உறுப்பினர் அவைக்குள் பேசும் பேச்சுக்கும் பொருந்தும். ஆட்சியாளர் மாநாட்டின் சம்மதமின்றி இந்தப் பிரிவுகளை மாற்றவும் முடியாது. ஜ.செ.க.வும் மக்கள் முற்போக்குக் கட்சியும் எதிர்த்தன, பலனில்லை. பின்னர் அதே மக்கள் முற்போக்குக் கட்சியும், கெராக்கானும், பாஸும் ஆளும் தரப்பில் சேர, 1974இல் தேசிய முன்னணி உருவானது. 1969இல் வாக்காளர் தேர்ந்தெடுத்த எதிர்க்கட்சியில் பெரும்பகுதி அரசுக்குள் கரைந்துவிட்டது.

அவசரகாலப் பிரகடனத்தையோ அப்போது யாரும் ரத்துசெய்யவே இல்லை. 1978இல் லண்டன் பிரிவி கவுன்சில், தெ செங் போ என்பவர் தொடுத்த மேல்முறையீட்டில் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. 1971 பிப்ரவரி 20 அன்று நாடாளுமன்றம் கூடிய கணமே மாமன்னர் தனியாகச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம் தீர்ந்துவிட்டது. ஆகவே அதற்குப் பிறகு அந்தப் பெயரில் போட்ட விதிகள் செல்லாது என்பது அதன் சாரம். அரசு அசரவில்லை. 1979இல் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றி, செல்லாது என்று சொன்னதையெல்லாம் முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. 1981இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, அவசரகாலப் பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாதபடி செய்தது.

இலங்கையை அறிந்தவர்களுக்கு இது பழகிய கதை. 1979இல் மூன்று ஆண்டுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. தற்காலிகம் என்று நுழையும் சட்டம் வாடகைக்கு வந்தவர் வீட்டை எழுதி வாங்கிய கதைதான்.

இங்கே 1969இன் தடுப்புக்காவல் அவசரச் சட்டம் கலவரக்காரர்களைத் தாண்டி சாதாரணக் குற்றச் சந்தேகங்களுக்கும் வாடிக்கையாகப் பயன்பட்டது. போலீஸால் வழக்கை நிரூபிக்க முடியாதபோது கைக்கெட்டும் குறுக்குவழி அது. நீதிமன்றத்தைப் பார்க்காமலே ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் முகாமுக்குப் போனவர்களில் நம் இளைஞர்களும் உண்டு.

ஒரு வட்டம் எப்படி மூடியது என்று பாருங்கள். 1969இல் மாகேரான் மேசையில் இருந்த சம்பந்தன் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். 2011 ஜூலையில், தூய தேர்தல் கோரிய பெர்சே பேரணிக்கு முந்தைய நாட்களில், மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த ஆறு பேர் அதே அவசரச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். அவரும் அப்போது சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். நாடாளுமன்றம் இல்லாத நேரத்தில் பிறந்த சட்டம் 42 ஆண்டு கழித்து நாடாளுமன்ற உறுப்பினரையே உள்ளே வைத்தது. அந்த ஆண்டு இறுதியில்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பழைய அவசரகாலப் பிரகடனங்களை ரத்துசெய்தன. 1969இல் தொடங்கிய அவசரகாலம் சட்டக் கணக்கில் முடிவுக்கு வந்தது அப்போதுதான். அதன்பின் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையில்லாக் காவல் வேறு கதவு வழியாகத் திரும்பி வந்தது.

நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

2021 ஜனவரியில் கோவிட் பெயரில் அவசரகாலம் அறிவித்து நாடாளுமன்றத்தை நிறுத்தியபோது பலர் 1969-ஐ நினைத்தார்கள். அது ஆகஸ்ட் 1 அன்று முடிந்தது. முடிவுத் தேதி பிரகடனத்திலேயே இருந்தது. மக்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1969 கற்றுத்தரும் பாடமும் அதுவே. இனக் கலவரத்துக்குப் பின் அமைதி வேண்டும், அதற்குச் சில நாள் கடுமையான அதிகாரமும் வேண்டியிருக்கலாம். அந்த அதிகாரத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறதா, அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா, நடந்ததை யார் வெளிப்படையாக விசாரிக்கப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் விட்டால், கலவரம் ஓய்ந்த பிறகும் அதிகாரம் ஓயாது. அடுத்த தேர்தலில் 'மே 13' என்று யாராவது பயமுறுத்தினால், பிள்ளைகளுக்கு 21 மாதக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிலாங்கூரின் 14-14 கணக்குக்கு வருவோம். 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமானது. தலைநகருக்குத் தனி நிர்வாகம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதோடு தலைநகர வாக்காளர்கள் சிலாங்கூர் சட்டமன்றக் கணக்கிலிருந்தே வெளியேறினார்கள். நகராட்சித் தேர்தல்களோ இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இலேயே நிறுத்தப்பட்டவை, இன்னும் திரும்பவில்லை. ஆகவே கிள்ளானில் இருக்கும் அண்ணன் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். துன் சம்பந்தன் சாலையில் இருக்கும் தம்பிக்கு ஒரே ஒரு வாக்குச்சீட்டு.